ஃப்ரிட்ஜுக்கு ரிமோட் கேக்கல, லேப் சாவி எங்கன்னு கேக்குறேன்

நீளமான த்ரெட். அவசரத்துல இருக்கறவங்க சேவ் பண்ணி வச்சு அப்புறம் படிங்க. லேப், பிளட் ஸ்டோரேஜ், தடுப்பூசி அறை எதுலயாவது வேலை பாக்கறவங்க இப்பவே படிச்சா நல்லது.

கொஞ்ச நாள் முன்னாடி எங்க தாலுகா மருத்துவமனைக்கு ஒரு கம்பெனி பிரதிநிதி வந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில டேப்லெட், கூடவே ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. அந்தப் பெட்டியை லேப் ஃப்ரிட்ஜ் பக்கத்துல ஒட்டிட்டு, வைஃபைல இணைச்சு, தன் போனைத் திறந்து காட்டினார்.

"மேடம், இங்க பாருங்க. இப்போ 4 டிகிரில இருக்கு. நீங்க வீட்டுல இருந்தே 3 ஆக்கலாம், 5 ஆக்கலாம். டீப் ஃப்ரீசர், இன்குபேட்டர், வாட்டர் பாத் எல்லாமே ஒரே ஆப்ல."

நான் கேட்டேன், "எதுக்குப்பா நான் வீட்டுல இருந்து 4ஐ 3 ஆக்கணும்?"

சிரிச்சார். கேள்வி புரியாம சிரிச்சார். புரிஞ்சிருந்தா அந்த டெமோ அங்கயே முடிஞ்சிருக்கும்.

நான் வெறும் எம்பிபிஎஸ் தான். எம்.டி பேத்தாலஜியும் இல்ல, மைக்ரோபயாலஜியும் இல்ல. ஆனா தாலுகா லெவல்ல என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். ஓபி பாத்து, லேபர் வார்டு பாத்து, போஸ்ட்மார்ட்டம் பாத்து, மிச்ச நேரத்துக்கு "லேப் இன்சார்ஜ், பிளட் ஸ்டோரேஜ் இன்சார்ஜ்"னு ஒரு ஆர்டரும் கையில குடுப்பாங்க. அப்படித்தான் ஆறு வருஷமா இந்த ஃப்ரிட்ஜுகளோட குடித்தனம் நடத்திட்டு இருக்கேன். அந்த உரிமைல எழுதறேன்.

முதல்ல ஒரு விஷயம். வெப்பநிலையை தூரத்துல இருந்து கண்காணிக்கறது வேற. தூரத்துல இருந்து மாத்தறது வேற. முதலாவதுக்கு நான் கையெடுத்துக் கும்பிடறேன். ரெண்டாவதுதான் என் பிரச்சனை. விக்க வர்றவங்க ரெண்டையும் ஒரே பொட்டலமா கட்டித் தர்றாங்க. "ஸ்மார்ட் லேப்"னு அதுக்கு ஒரு பேர் வேற.

ரத்தப் பை வைக்கிற ஃப்ரிட்ஜை எடுத்துக்கங்க. 2ல இருந்து 6 டிகிரிக்குள்ள இருக்கணும். ஒரு தடவை 4ல செட் பண்ணா அவ்வளவுதான், அந்த ஃப்ரிட்ஜோட ஆயுள் முடியறவரைக்கும் அதை யாரும் தொட வேண்டிய அவசியமே இல்ல. தடுப்பூசி வைக்கிற ஐஎல்ஆர் 2ல இருந்து 8. பிளட் குரூப் பாக்கற ஆன்டிசீரா, எலைசா கிட் எல்லாம் 2ல இருந்து 8. இன்குபேட்டர் 37ஐ ஒட்டி. எதுவுமே நாளுக்கு நாள் மாறாது. ஒரு அரசு மருத்துவமனை லேப்ல செட் பாயின்ட்டை மாத்த வேண்டிய சந்தர்ப்பம் என் சர்வீஸ்ல ஒரு தடவை கூட வந்ததில்ல.

சரி, வெப்பநிலை ஏறிடுச்சு, 9 காட்டுதுன்னே வச்சுக்குவோம். ஏன் ஏறும்? கரண்ட் போயிருக்கும். கதவு சரியா மூடியிருக்காது. கதவு ரப்பர் கிழிஞ்சிருக்கும். பின்னாடி கண்டென்சர்ல ஒரு இஞ்ச் தூசி அடைச்சிருக்கும். கேஸ் கசிஞ்சிருக்கும். கம்ப்ரசர் போயிருக்கும். ஸ்டெபிலைசர் ட்ரிப் ஆகியிருக்கும். இல்லன்னா யாராவது பிளக்கைப் புடுங்கிட்டு போன் சார்ஜர் போட்டிருப்பாங்க (நடக்கும், நீங்களும் பாத்திருப்பீங்க).

இதுல எதை ஆப்ல இருந்து சரி பண்ணுவீங்க? கேஸ் இல்லாத ஃப்ரிட்ஜுக்கு 4க்குப் பதிலா 2ன்னு ஆர்டர் போட்டா அது கூலாயிடுமா? ஜுரத்துல கிடக்கற நோயாளியோட சார்ட்ல 98.6னு எழுதி வைக்கிற மாதிரி.

போனை வச்சிருக்கற கை ஒரே ஒரு வேலையைத்தான் ஒழுங்கா செய்ய முடியும். உறைய வைக்க முடியும்.

கதவை நிறைய தடவை திறந்ததுல கொஞ்ச நேரம் 7 காட்டுதுன்னு வைங்க. வீட்டுல இருக்கற டாக்டர் பதறி 2க்கு இறக்குறார், அப்புறம் தூங்கிடுறார். கதவு மூடினதும் ஃப்ரிட்ஜ் தன்னால 4க்கு வந்திருக்கும். இப்போ அது 2ஐ நோக்கிப் போகுது. குளிர்ச்சி வர்ற பக்கத்தை ஒட்டி வச்ச பொருள் அதுக்கும் கீழ போகும். ரத்தம் உறைஞ்சா சிவப்பணுக்கள் உடைஞ்சுடும். உடைஞ்ச ரத்தத்தை ஏத்தினா கிட்னி போகும், உயிரும் போகலாம்.

தடுப்பூசி கதை இன்னும் மோசம். ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட், டிடி இதெல்லாம் அலுமினிய உப்பு கலந்த ஊசிகள். ஒரு தடவை உறைஞ்சா வேலை செய்யாது. குப்பில ஒட்டியிருக்கற விவிஎம் சதுரம் சூட்டைத்தான் காட்டும், உறைஞ்சதைக் காட்டாது. திரும்ப உருகினதும் பாக்கறதுக்கு ஏறக்குறைய பழைய மாதிரியேதான் இருக்கும். சந்தேகப்பட்டு ஷேக் டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். யாரு சந்தேகப்படுவா? ஆப்ல பச்சை விளக்கு எரியுதே!

சூடானா கெட்டுப்போகும்னு நம்ம எல்லாருக்கும் பயம் இருக்கு. குளிர்ந்தா கெட்டுப்போகும்னு பயமே இல்ல. அந்த பயம் இல்லாத ஊர்ல ஒவ்வொருத்தர் பாக்கெட்லயும் ஒரு செட் பாயின்ட் பட்டனைக் குடுக்கறேங்கறாங்க.

இப்போ நான் வேலை பாத்த வேற ஒரு மருத்துவமனையில நடந்ததைச் சொல்றேன். ஊர் பேர் வேண்டாம்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி. லேபர் வார்டுல ரெண்டாவது பிரசவம், நார்மல் டெலிவரி, குழந்தை நல்லா அழுதுச்சு. அடுத்த இருபது நிமிஷத்துல அம்மாவுக்கு ரத்தப்போக்கு. கர்ப்பப்பை சுருங்கல. ஊசி போட்டோம், மசாஜ் பண்ணோம், நிக்கல. "பி பாசிட்டிவ் ரெண்டு யூனிட் எடுத்துட்டு வாங்க"ன்னு சொன்னேன்.

பிளட் ஸ்டோரேஜ் அறை பூட்டியிருந்துச்சு. சாவி லேப் டெக்னீசியன் வீட்டுல. அவர் ஒரே ஆள்தான், பகல் ட்யூட்டி. வண்டில வந்து சேர இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. திறந்து பாத்தா ஃப்ரிட்ஜ் டிஸ்பிளே இருட்டா இருக்கு. உள்ள இருந்த தெர்மாமீட்டர் 14 காட்டுச்சு. சாயங்காலம் மின்னல் வெட்டினப்போ அந்த லைன்ல எம்சிபி ட்ரிப் ஆகியிருக்கு. மிச்ச ஆஸ்பத்திரி முழுக்க லைட் எரிஞ்சதால யாருக்கும் தெரியல.

ரத்தப் பை 10 டிகிரியைத் தாண்டிட்டா ஏத்தக்கூடாது. எவ்வளவு நேரமா தாண்டியிருந்துச்சுன்னும் தெரியாது. அத்தனை பையும் வீண். கையில் ரத்தம் இல்லாம, கர்ப்பப்பைக்குள்ள காண்டம் பலூன் வச்சு, 108ல ஏத்தி, ஒன்றரை மணி நேரம் தள்ளி இருக்கற மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். கூட நானே போனேன். அவங்க பொழைச்சுட்டாங்க. கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிடுச்சு. அப்போ அவங்களுக்கு வயசு 24.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது இனிமேதான் வருது. அந்த ஃப்ரிட்ஜ்ல ஏற்கனவே ஒரு எஸ்எம்எஸ் அலாரம் இருந்துச்சு. யாரோ ஒரு நல்ல அதிகாரி முன்னாடியே வாங்கிப் போட்டது. அது பேட்டரில ஓடி, சிம் கார்டு வழியா, சாயங்காலம் 6.40க்கே மெசேஜ் அனுப்பியிருக்கு. திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கு. வேலையைக் கச்சிதமா செஞ்சிருக்கு.

யாருக்கு அனுப்புச்சு? எனக்கு முன்னாடி இன்சார்ஜா இருந்து, ரெண்டு வருஷம் முன்னாடி வேற மாவட்டத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆகிப் போன டாக்டருக்கு. பாவம், அவர் ஒரு கல்யாண வீட்டுல இருந்திருக்கார். மறுநாள் காலைல பாத்துட்டு எனக்கு போன் பண்றார், "உங்க பிளட் ஃப்ரிட்ஜ்ல ஏதோ பிரச்சனை போலருக்கு, கொஞ்சம் பாருங்க"ன்னு.

அதுக்கப்புறம் விசாரணை. மெமோ யாருக்குன்னு நீங்களே யூகிச்சிருப்பீங்க. ஒப்பந்த அடிப்படையில இருந்த அந்த லேப் டெக்னீசியனுக்கு. ஒரு ஆளைப் போட்டு 24 மணி நேரமும் ஓடணும்னு எதிர்பாத்தவங்களுக்கு மெமோ வராது. பட்டியல்ல நம்பரை மாத்தாம விட்ட எனக்கும் வரல. வந்திருக்கணும்.

அதனாலதான் சொல்றேன், வயர்லெஸ் கருவி அனுப்பற சிக்னல் கடைசில ஒரு மனுஷன்கிட்ட போய்ச் சேரணும். அந்த மனுஷன் கிட்டக்க இருக்கணும், அவர் கைல சாவி இருக்கணும், என்ன செய்யணும்னு தெரிஞ்சிருக்கணும், செய்ய அதிகாரமும் இருக்கணும். இதுல ஒண்ணு இல்லன்னாலும் அந்தக் கருவி நடந்த தப்புக்கு நேரம் குறிச்சு வைக்கிற கணக்குப்பிள்ளை மட்டும்தான்.

இது நம்ம ஊர் தரித்திரம், வெளிநாட்டுல எல்லாம் பிரமாதமா நடக்கும்னு நெனைக்காதீங்க.

2012ல அமெரிக்கால, ஹார்வர்டோட சேர்ந்த மெக்லீன் மருத்துவமனையில ஒரு மூளை வங்கி. ஆய்வுக்காக தானமா வந்த மூளைகள். ஒரு ஃப்ரீசர் நின்னு போச்சு. ரெண்டு அலாரம் இருந்துச்சு, ரெண்டும் அடிக்கல. வெளில இருந்த டிஸ்பிளே மைனஸ் 79னு காட்டிட்டு இருந்துச்சு. திறந்து பாத்தா உள்ள பிளஸ் 7 பக்கம். உலகத்துலயே பெரிய ஆட்டிசம் மூளைச் சேகரிப்புல மூணுல ஒரு பங்கு சேதம்.

இதை நான் ஏன் முக்கியமா சொல்றேன்னா, அந்த வெள்ளைப் பெட்டிக்காரர்கிட்ட நான் கேட்ட ரெண்டாவது கேள்வி இதுதான். "உங்க பெட்டி தனியா ஒரு சென்சார் வச்சுப் பாக்குதா, இல்ல ஃப்ரிட்ஜோட சொந்த சென்சார் சொல்றதையே எடுத்து அனுப்புதா?" ரெண்டாவதுதானாம். "அதான் மேடம், அப்போதான் கண்ட்ரோலும் பண்ண முடியும், வயரிங்கும் மிச்சம்." அப்படின்னா சென்சார் பொய் சொன்னா ஃப்ரிட்ஜும் நம்பும், ஆப்பும் நம்பும், தூங்கிட்டு இருக்கற நானும் நம்புவேன். திருடன்கிட்டயே காவல் ரிப்போர்ட் கேக்கற மாதிரி.

2018 மார்ச்ல ஒஹாயோ மாநிலம் கிளீவ்லாந்து பக்கத்துல ஒரு கருத்தரிப்பு மையம், பெரிய யுனிவர்சிட்டி மருத்துவமனையைச் சேர்ந்தது. ஒரு வார இறுதியில சேமிப்புத் தொட்டில வெப்பநிலை ஏறிடுச்சு. 4,000க்கும் மேல கருமுட்டைகளும் கருக்களும் போச்சு. தொட்டில திரவ நைட்ரஜன் தானா நிரம்பற அமைப்புல சில வாரமாவே கோளாறு, கையாலதான் நிரப்பிட்டு இருந்திருக்காங்க. தூரத்துல இருக்கற ஊழியர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டிய ரிமோட் அலாரம்? ஆஃப்ல இருந்திருக்கு. ஒரு ஜோடிக்கு அது கடைசி வாய்ப்பா இருந்திருக்கும். அவங்ககிட்ட போய் எங்க சிஸ்டம் ரொம்ப ஸ்மார்ட்டுன்னு சொல்லுங்க பாப்போம்.

மூணாவது கதைதான் எனக்கு ரொம்ப நெருக்கமானது. 2020 செப்டம்பர். நியூயார்க் மாநிலத்துல ரென்சிலர் பாலிடெக்னிக்னு ஒரு கல்வி நிறுவனம். மைனஸ் 80 ஃப்ரீசர் ஒண்ணு மைனஸ் 78க்கு ஏறினதும் அலாரம் அடிக்க ஆரம்பிச்சுது. மாதிரிகளுக்கு ஆபத்து இல்ல. கோவிட் கட்டுப்பாட்டால ரிப்பேர் ஆள் வர ஒரு வாரம் ஆகும்னாங்க. அதனால கதவுல ஒரு நோட்டீஸ் ஒட்டினாங்க. சத்தம் தொந்தரவா இருந்தா இந்த பட்டனை 5ல இருந்து 10 விநாடி அமுக்குங்க, பிளக்கை எடுக்காதீங்கன்னு. ராத்திரி வந்த துப்புரவுப் பணியாளர் அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு, நல்லெண்ணத்துல பிரேக்கரைத் தட்டினார். ஆன் பண்றோம்னு நெனைச்சு ஆஃப் பண்ணிட்டார். காலைல மைனஸ் 32. இருபது வருஷத்துக்கும் மேலான ஆராய்ச்சி காலி. துப்புரவு ஒப்பந்த நிறுவனத்து மேல 10 லட்சம் டாலருக்கு மேல கேட்டு வழக்கு போட்டாங்க. 2023ல செய்தில அடிபட்டுச்சு.

எல்லாரும் அந்தப் பணியாளரைப் பாத்து சிரிச்சாங்க. மீம் எல்லாம் வந்துச்சு. எனக்கு சிரிப்பு வரல. நாள் கணக்கா கத்திட்டு இருந்த ஒரு பெட்டியைப் பாத்து "இதுக்கு ஏதாவது பண்ணணுமே"ன்னு நெனைச்ச ஒரே ஆள் அவர்தான். அவருக்கு யாரும் எதுவும் சொல்லிக் குடுக்கல. நம்ம ஆஸ்பத்திரில ராத்திரி லேப் வராந்தாவைத் தாண்டிப் போறது யாரு? டாக்டரா? துடைக்கிற அக்காதான். அவங்களுக்கு அந்த சத்தம்னா என்ன அர்த்தம்னு யாராவது சொல்லியிருக்கோமா?

சரி, "மேடம் டெக்னாலஜிக்கே எதிரி"ன்னு கமென்ட் போடப் போறவங்களுக்காக ஒரு பாரா.

2015ல நம்ம நாட்டுல தொடங்கின இவின் திட்டம் இருக்கே, தடுப்பூசி இருப்பையும் ஐஎல்ஆர் வெப்பநிலையையும் கண்காணிக்கிற வலையமைப்பு, அதை நான் மனசாரப் பாராட்டறேன். ஐஎல்ஆருக்குள்ள ஒரு சென்சார், வெளில லாகர், உள்ள சிம் கார்டு. வெப்பநிலை எல்லையைத் தாண்டினா எச்சரிக்கை போகும். அது பாக்கும், சொல்லும். மாத்தாது. மாத்தற வேலை அங்க நிக்கிற ஆளோடது. எப்படி செய்யணும்னு கண்ணு முன்னாடியே ஒரு உதாரணம் இருக்கறப்போ புதுசா ஆப் எதுக்கு?

அது வர்றதுக்கு முன்னாடி எங்க நோட்டுப் புத்தகம் எப்படி இருந்துச்சு தெரியுமா? காலை 4, மாலை 4, காலை 4, மாலை 4. மாசம் முழுக்க 4. ஞாயித்துக்கிழமைக்கு சனிக்கிழமையே 4 எழுதி கையெழுத்து போட்டிருப்பாங்க. நானும் கீழ கவுன்டர்சைன் போட்டிருக்கேன், மறைக்கல. ஏன்னா உண்மையா 9னு எழுதினா, ஏன் 9னு ஒரு விளக்கம் எழுதணும். 4னு எழுதினா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. பொய் எழுத வச்சது சோம்பேறித்தனம் மட்டும் இல்ல, மெமோ பயமும்தான். மிஷின் எழுதற கணக்குல அந்தப் பொய் இல்ல. அதுக்காகவே நான் லாகருக்கு ஓட்டு போடுவேன்.

ரிமோட் கண்ட்ரோல் தேவைப்படற லேபும் உண்டு. உள்ள போக முழு பாதுகாப்பு உடை போடணும்ங்கற உயர் பாதுகாப்பு லேப்கள்ல, ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் ஆளை உள்ள அனுப்பாம இருக்கறது நல்லது. ஆராய்ச்சி நிலையத்துல ரெண்டு நாள் ஓடற சோதனைக்கு ராத்திரி நடுவுல வெப்பநிலையைப் படிப்படியா ஏத்த வேண்டியிருக்கும். அங்க அது ஒரு கருவி. அங்க அதைப் பாத்துக்க ஆளும் இருக்காங்க. எங்க தாலுகா லேப்ல அது கருவியே இல்ல, கொட்டேஷன்ல விலையை ஏத்தற ஒரு வரி.

காலைல 8 மணிக்கு வாட்டர் பாத் 37ல ரெடியா இருக்கணும்னா 300 ரூபா டைமர் போதும். அதுக்கு இன்டர்நெட் வேண்டாம்.

இன்டர்நெட்னு வந்ததும் இன்னொண்ணு. 2019 பிப்ரவரில, பாதுகாப்பு ஆய்வாளர்கள் சிலர் ஒரு ஸ்காட்லாந்து நிறுவனத்தோட குளிர்பதனக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பத்தி வெளியிட்டாங்க. சூப்பர் மார்க்கெட்டுகள்லயும் மருத்துவமனைகள்லயும் இருக்கறது. 7,000க்கும் மேல இன்டர்நெட்ல திறந்து கிடந்துச்சு. கம்பெனி போட்டு அனுப்பின அதே யூசர் நேம், அதே பாஸ்வேர்ட். மாத்தவே இல்ல. உலகத்துல எங்க இருந்தும் ஒருத்தர் பிரவுசர்ல திறந்து டிஃப்ராஸ்ட் பட்டனை அமுக்கலாம். பாஸ்வேர்டை மாத்தணும்னு நாங்க கையேட்டுல எழுதித்தானே இருக்கோம்னு நிறுவனம் சொல்லுச்சு. நியாயம்தான். எங்க ஆஸ்பத்திரி வைஃபை பாஸ்வேர்ட் என்னன்னு கேட்டா ஓபி சீட்டு வாங்க நிக்கறவங்களே சொல்லுவாங்க.

2022 நவம்பர்ல டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை ரான்சம்வேர் முடக்கினது ஞாபகம் இருக்கா? நாட்டுலயே முதன்மையான மருத்துவமனை, ஏறத்தாழ ரெண்டு வாரம் பேப்பர்லயும் பேனாவுலயும் ஓடுச்சு. பேப்பரும் பேனாவும் வச்சு ஓபி ஓட்டிடலாம். ஃப்ரிட்ஜோட கட்டுப்பாடே அந்தப் பக்கம் போயிட்டா எதை வச்சு ஓட்டறது? கேக்க மட்டும் செய்யற கருவியை ஹேக் பண்ணா நமக்குத் தகவல் வராது, அவ்வளவுதான். கட்டளை ஏத்துக்கற கருவியை ஹேக் பண்ணா ரத்தம் கெட்டுப் போகும்.

சரி, கண்காணிப்புக் கருவி வாங்கறோம். என்ன பாத்து வாங்கணும்? இங்கதான் ஏமாத்து அதிகம், அதனால கொஞ்சம் விரிவா.

கரண்ட் போனா முதல்ல சாகறது ரௌட்டர். அதாவது, எந்த ஆபத்தைப் பத்தி உங்களுக்குச் சொல்லணுமோ அதே ஆபத்து சொல்ற வாயை அடைச்சுடும். அதனால வைஃபையை மட்டும் நம்பின கருவி வேண்டவே வேண்டாம். சொந்த பேட்டரி இருக்கணும், சிம் இருக்கணும். அதைவிட முக்கியம், கருவில இருந்து சிக்னல் வரலன்னா அதுவே அலாரமா அடிக்கணும். பெரும்பாலான ஆப்ல கடைசியா வந்த எண் அப்படியே பச்சையா நிக்கும். 4.1, 4.1, 4.1. பாத்தா நிம்மதியா இருக்கும். எங்க பழைய நோட்டுப் புத்தகம் மாதிரியே.

ஃப்ரிட்ஜ்ங்கறது ஒரு இரும்புப் பெட்டி. உள்ள வச்ச வயர்லெஸ் கருவி வெளில பேசத் திணறும். அதனால சென்சார் மட்டும் மெல்லிய வயர்ல உள்ள போகணும், அனுப்பற பாகம் வெளில இருக்கணும். சென்சார் முனை வெறும் காத்துல தொங்கக்கூடாது. கிளைக்கால் நிரப்பின ஒரு சின்ன குப்பில முக்கி வைக்கணும். அப்போதான் கதவைத் திறந்து மூடறப்போ காத்து சூடாகறதைக் காட்டாம, பைக்குள்ள இருக்கற ரத்தம் என்ன சூட்டுல இருக்குன்னு ஏறக்குறைய காட்டும்.

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா காத்துல தொங்கற சென்சார் கதவைத் திறக்கறப்போல்லாம் அலாரம் அடிக்கும். ஒரு நாளைக்கு இருபது தடவை அடிச்சா டெக்னீசியன் என்ன செய்வார்? மூணாவது நாள் வயரைக் கழட்டிடுவார். நானும் கழட்டுவேன், நீங்களும் கழட்டுவீங்க. ஐசியூல மானிட்டர் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு காது மரத்துப் போற அதே நோய்தான்.

வருஷத்துக்கு ஒரு தடவை காலிபரேஷன். இதுக்கு யாரும் பணம் ஒதுக்க மாட்டாங்க, கருவி வாங்கறப்பவே ஒப்பந்தத்துல எழுதி வாங்கிடணும். கூடவே ஃப்ரிட்ஜுக்கே ஒழுங்கான ஏஎம்சி. கம்ப்ரசர் போனா எத்தனை மணி நேரத்துல ஆள் வருவாங்கன்னு எழுத்துல. ஆப்புக்கு வருஷ சந்தா கட்டத் தயாரா இருக்கற அதே ஆபீஸ், ஏஎம்சி ஃபைலை மூணு மாசம் மேஜைல வச்சிருக்கும். நான் பாத்திருக்கேன்.

அப்புறம் அந்த அலாரம் எங்க அடிக்கணும்? என் போன்லன்னு சொல்லாதீங்க. என் வீடு 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. நான் தூங்கலாம், போன் சார்ஜ் தீரலாம், லீவுல இருக்கலாம். 24 மணி நேரமும் ஆள் முழிச்சிருக்கற இடம் ஆஸ்பத்திரில ரெண்டே ரெண்டு. கேஷுவால்டி, லேபர் வார்டு. அங்க, சுவத்துல, காது கிழியற மாதிரி ஒரு பெல். போனுக்கும் வரட்டும், தப்பில்ல. ஆனா ஆள் பேர்ல இல்லாம பதவி பேர்ல இருக்கற ட்யூட்டி போனுக்கு வரணும். டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வாங்கறப்போ ஸ்டெதஸ்கோப்பை எடுத்துட்டுப் போகலாம், அந்த போனை வச்சுட்டுத்தான் போகணும்.

பெல் அடிச்சா என்ன செய்யணும்னு ஒரு பக்கத்துல, தமிழ்ல, பெரிய எழுத்துல. சாவி எங்க. எம்சிபி எங்க. ஐஸ் பேக் போட்ட பெட்டி எங்க. பைகளை எந்த ஃப்ரிட்ஜுக்கு மாத்தணும். அதை மாத்த ட்யூட்டி ஸ்டாஃப் நர்ஸுக்கு அதிகாரம் உண்டுன்னு சீஃப் கையெழுத்து. இந்தக் கடைசி வரி இல்லன்னா சிஸ்டர் தொட மாட்டாங்க. தொட்டா நாளைக்கு யாரு தொடச் சொன்னதுன்னு கேப்பாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்.

இதுல எதுக்குமே ஆப் வேண்டாம். பாதிக்கு மேல காசே வேண்டாம். ராத்திரி லேப் டெக்னீசியன் போஸ்ட் ஒண்ணுக்கு மட்டும் காசு வேணும், அதைத்தான் தர மாட்டேங்கறாங்க. கருவிக்கு ஒரு தடவை பில் போட்டா முடிஞ்சுது, திறப்பு விழா போட்டோவும் கிடைக்கும். ஆளுக்கு மாசாமாசம் சம்பளம் தரணும், பென்ஷன் பத்திப் பேசுவாங்க. அதனால ஆள் இல்லாத ஓட்டையை ஆப் போட்டு மூடறாங்க. ராத்திரி 2 மணிக்கு அந்த ஆப் என்னைத்தான் எழுப்பும். எழுந்து வரலன்னா லாக்ல என் பேர் இருக்கும். "மேடத்துக்கு 2.04க்கு மெசேஜ் போயிருக்கு, 2.06க்கு பாத்திருக்காங்க, ஏன் செட்டிங்கை மாத்தல?" இந்தக் கேள்வியைக் கேக்கறதுக்காகவே கண்டுபிடிச்ச பட்டன் அது. பட்டன் யார் கையில இருக்கோ பழியும் அவங்க கையில.

கொட்டேஷன் ஃபைல்ல என் குறிப்பை எழுதிட்டேன். தனி சென்சார், பேட்டரி, சிம், கேஷுவால்டில பெல் வேணும். தூரத்துல இருந்து செட் பாயின்ட் மாத்தற வசதி வேண்டாம், இருந்தா நிரந்தரமா முடக்கித் தரணும். அந்தத் தம்பி படிச்சுப் பாத்துட்டு, "மேடம், கண்ட்ரோல் இல்லாத மாடல் விலை கம்மி, ஆனா அதை நாங்க டெமோவுக்கே எடுத்துட்டு வர்றதில்ல"ன்னார். மேல ஃபைல் போயிருக்கு. என்ன வருதுன்னு பாப்போம்.

அதுவரைக்கும் கையில இருக்கறதை வச்சு ஒண்ணு செஞ்சோம், நீங்களும் செஞ்சு பாருங்க. எங்ககிட்ட இருக்கற பழைய சிம் அலாரத்தோட சென்சாரை மட்டும் வெளில எடுத்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில போட்டுட்டு, யார்கிட்டயும் சொல்லாம கடிகாரத்தைப் பாத்துட்டு உட்காந்தேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி 11 மணி. கதவு பக்கத்துல ஒரு ஸ்டூல்.

முதல் தடவை ஆள் வந்து நிக்க 52 நிமிஷம் ஆச்சு. மெசேஜ் மூணு பேருக்குப் போயிருக்கு, அதுல ஒருத்தர் ரிட்டயர் ஆனவர். சாவி ஆபீஸ் பீரோவுல, பீரோ சாவி ஜூனியர் அசிஸ்டென்ட் வீட்டுல.

நம்பர்களை மாத்தினோம். சாவியை கேஷுவால்டி சிஸ்டர் மேஜைக்கு மேல ஆணி அடிச்சு மாட்டினோம். துடைக்கிற அக்காவைக் கூப்பிட்டு, இந்தச் சத்தம் கேட்டா எதையும் தொடாதீங்க, ஓடிப்போய் சிஸ்டர்கிட்ட சொல்லுங்கன்னு சொன்னேன். "இம்புட்டு நாளா அது என்னான்னே தெரியாது மேடம், எலி மிஷினுன்னு நெனச்சேன்"னாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப டம்ளர்ல போட்டேன். 9 நிமிஷம். முதல்ல வந்து நின்னது அந்த அக்காதான், பின்னாடியே சாவியோட சிஸ்டர்.